ஒரே சென்சார், மூன்று விலை: வீடியோ கேமராவில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கேமரா சர்வீஸ் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "சென்சார் ஒன்றுதானே, பிறகு ஏன் விலையில் இவ்வளவு வித்தியாசம்?" என்பதுதான். சோனியின் மூன்று கேமராக்களை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். 2020-இல் வந்த ஏ7எஸ் 3, அதே ஆண்டின் இறுதியில் வந்த எஃப்எக்ஸ்6, 2021-இல் வந்த எஃப்எக்ஸ்3 ஆகிய மூன்றிலும் இருப்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, சுமார் 12 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (36-க்கு 24 மில்லிமீட்டர்) சென்சார், அதாவது ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சிப். அமெரிக்காவில் அவற்றின் அறிமுக விலை முறையே ஏறத்தாழ 3,500, 6,000, 3,900 டாலர். எடுத்த காட்சிகளை அருகருகே ஓடவிட்டால் பெரும்பாலானோரால் எது எந்தக் கேமரா என்று சொல்ல முடியாது. சென்சாரைச் சுற்றி எதை வைத்தார்கள், எதை வைக்காமல் விட்டார்கள் என்பதில்தான் விலை இருக்கிறது. விளம்பரத்தில் வைத்தவை மட்டுமே அச்சாகும். விட்டவற்றை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

முதலில் வெப்பம். சென்சாரும் படத்தைச் சுருக்கிப் பதியும் சிப்பும் தொடர்ந்து சூடாகிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை ஒரு கெட்டியான உலோகத் துண்டின் வழியாக வெளியே கடத்திவிடலாம் என்றால், கைநடுக்கத்தைச் சமன்செய்வதற்காகச் சென்சாரையே அசையும் தட்டில் மிதக்கவிட்டிருக்கும் கேமராக்களில் அதற்கு வழியில்லை. ஏ7எஸ் 3-இல் மடிப்பாக அமைத்த கிராஃபைட் பட்டை அந்த வேலையைச் செய்கிறது, ஃபேன் கிடையாது. எஃப்எக்ஸ்3-இல் ஃபேன் இருக்கிறது, ஆனால் ஏ7எஸ் 3-இல் இருந்த வியூஃபைண்டர் போய்விட்டது. ஃபேன் வைத்தால் காற்று போகும் பாதையை மின்பலகைகளிலிருந்து பிரித்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி உள்ளே இறங்கிவிடும். அப்படி அடைப்பதற்குப் பாகங்களும் கூடும், கோர்க்கும் நேரமும் கூடும். கேனான் 2020-இல் ஃபேன் இல்லாமல் வெளியிட்ட ஆர்5, 8கே-யில் சுமார் 20 நிமிடங்களில் சூடேறி நின்றது பலருக்கும் நினைவிருக்கும். 2022-இல் ஃபேனுடன் ஆர்5 சி வந்தது. அதில் அசையும் சென்சார் இல்லை.

அடுத்தது என்.டி. ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடி. ஃபேன், போர்ட் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து. நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 800, ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் லென்ஸின் துளை எஃப்/64 வரை சுருங்க வேண்டும். பெரும்பாலான லென்ஸ்கள் எஃப்/16 அல்லது எஃப்/22 வரைதான் போகும். எஃப்எக்ஸ்6-இன் உள்ளே இருக்கும் மின்னணு என்.டி. ஒளியை 1/4 முதல் 1/128 வரை இடைவெளியின்றிக் குறைக்கக்கூடியது. 1/128-இல் அதே வெயிலில் எஃப்/5.6-இல் எடுக்கலாம். ஏ7எஸ் 3 அல்லது எஃப்எக்ஸ்3 வைத்திருப்பவர் லென்ஸின் முன்னால் வேரியபிள் என்.டி.யைத் திருகுகிறார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு போலரைசர்கள் என்பதால், வைட் லென்ஸில் அதிகம் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கருமை விழும்; முகத்தின் மினுமினுப்பும் மாறும். ஆனால் இந்தக் கேமராக்களில் லென்ஸ் பொருத்தும் அமைப்பான இ-மவுண்ட்டில் லென்ஸ் அமரும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 18 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. எஃப்எக்ஸ்6 அந்த இடத்தில் என்.டி.யை வைத்தது, அசையும் சென்சாரை விட்டுவிட்டது. இரண்டையும் ஒரே பாடிக்குள் கொண்டுவந்த சோனி புரானோ 2023-இல் அறிவிக்கப்பட்டபோது விலை 25,000 டாலர்.

போர்ட்களின் கதை என் மேசையில் தினமும் நடப்பது. பல சிறிய கேமராக்களில் மைக்ரோ எச்டிஎம்ஐ போர்ட்டை நேராக மெயின்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். யாராவது கேபிளில் கால் இடறினால் போர்ட் மட்டும் பிடுங்கிக்கொண்டு வராது, அதன் காலடியில் இருக்கும் செம்புத் தடங்களும் உரிந்து வரும். பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் பலகையில் சின்னச் சின்னப் பள்ளங்களாகத் தெரியும். அதன்பிறகு போர்ட்டை மாற்றிப் பயனில்லை, போர்டையே மாற்ற வேண்டும். எஃப்எக்ஸ்6-இல் இருக்கும், ஒளிபரப்புத் துறையின் வீடியோ இணைப்பான எஸ்டிஐ-யின் பிஎன்சி இணைப்பு திருகிப் பூட்டிக்கொள்ளும். எச்டிஎம்ஐ தடுமாறும் தூரத்துக்கும் ஒற்றைக் கேபிளில் படம் போகும். அதற்கான சிப், இடம், உறுதியான பிடிமானம் ஒவ்வொன்றும் விலைதான்.

சென்சாரின் விலை ஏன் பரப்பளவைவிட வேகமாக ஏறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 300 மில்லிமீட்டர் சிலிக்கன் தட்டின் பரப்பு சுமார் 70,700 சதுர மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 864 சதுர மில்லிமீட்டர் என்பதால், ஓரங்களில் வீணாவதைக் கழிக்காவிட்டால்கூட 81-க்கு மேல் தேறாது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் அளவென்றால் 300-ஐத் தாண்டும். தட்டில் முப்பது இடங்களில் குறை விழுந்தால் பெரிய சென்சாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகலாம், சிறியதில் பத்தில் ஒன்றுதான். போதாக்குறைக்கு, சிப் அச்சிடும் இயந்திரம் ஒரு தடவையில் அச்சிடும் பரப்பு 26-க்கு 33 மில்லிமீட்டர். 36-க்கு 24 அதற்குள் அடங்காததால் பகுதி பகுதியாக அச்சிட்டு ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சென்சாரை வரிவரியாக வாசிப்பதுதான் மலிவு. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பத்து பிளாஷ்கள் மின்னும்போது பாதி ஃப்ரேம் மட்டும் வெளுத்துப்போவதற்கு இதுவே காரணம். எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டரை ஃபுல் ஃப்ரேமில் முதலில் கொண்டுவந்த சோனி ஏ9 3-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 250 என்று உயர்ந்திருக்கிறது. ஒளியைச் சேமித்து வைக்கும் இடத்தைக் கொஞ்சம் பறிகொடுத்தே அந்த வேகம் கிடைத்திருக்கிறது.

பொறியியலுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. பல ஸ்டில் கேமராக்களில் பதிவு 29 நிமிடம் 59 நொடியில் நின்றதற்கு வெப்பத்தோடு ஐரோப்பியச் சுங்க வரியும் காரணம். 30 நிமிடத்தைத் தாண்டினால் அது வீடியோ கேமரா என்று அப்போது வேறு வரி விழுந்தது. சென்சார் தரும் பதப்படுத்தாத தரவான ரா-வைச் சுருக்கிக் கேமராவுக்குள்ளேயே பதிவதற்கான காப்புரிமையை ரெட் என்ற சினிமா கேமரா நிறுவனம் வைத்திருந்தது. ஆப்பிள் 2019-இல் அதை எதிர்த்தும் பயன் கிட்டவில்லை. எச்டிஎம்ஐ வழியாக ரா-வை வெளியே அனுப்பி, தனி ரெக்கார்டரில் பதியச் சொல்லும் கேமராக்கள் பெருகியதில் இதற்குப் பங்குண்டு. ரெட்டால் 2022-இல் வழக்குத் தொடுக்கப்பட்ட நிக்கான், 2024-இல் ரெட் நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

ஆகவே எந்தக் கேமரா என்று கேட்டு வருபவரிடம் எங்கே எடுக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். ஏசி அறையில் பேட்டி மட்டும் எடுப்பவருக்கு ஏ7எஸ் 3 போதும். மிச்சப் பணத்தில் நல்ல மைக்கும் இரண்டு விளக்கும் வாங்கலாம். மண்டபத்துக்குள் கையில் பிடித்தே நாள் முழுக்க எடுப்பவருக்கு எஃப்எக்ஸ்3 சரி. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டே, மேடையிலிருந்து சுவிட்சருக்கு (பல கேமராக்களின் படத்தை மாற்றி மாற்றிக் காட்டும் கருவிக்கு) கேபிள் இழுப்பவர் எஃப்எக்ஸ்3-இன் விலையோடு தரமான வேரியபிள் என்.டி., எச்டிஎம்ஐ-யை எஸ்டிஐ ஆக்கும் கன்வெர்ட்டர், அதற்குப் பேட்டரி, எல்லாவற்றையும் தாங்கும் கேஜ் என்ற உலோகச் சட்டம் ஆகியவற்றின் விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிய பிறகே எஃப்எக்ஸ்6-இன் விலையைப் பார்க்க வேண்டும்.