முள்ளெலும்பு: அதில் எங்கே முள்?

"தண்டுவடம் தேய்ஞ்சு போச்சாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு வாய் சும்மா இருக்காது. தண்டுவடம் எலும்பே இல்லை. அது மூளையிலிருந்து இறங்கும் நரம்புத் திரள், பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் இரண்டு எலும்புகள் மட்டத்திலேயே முடிந்துவிடும். தேய்வது அதைச் சுற்றியுள்ள எலும்பும் மூட்டும் இடையிலிருக்கும் டிஸ்க்கும்தான். அந்த எலும்பு ஒவ்வொன்றும் ஒரு முள்ளெலும்பு. ஆங்கிலத்தில் வெர்டிப்ரா.

சரி, ஏன் முள்? மீன் சாப்பிடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம், நடுமுள்ளை உருவித்தானே தட்டோரம் வைக்கிறோம். மனிதருக்கென்றால், குனிந்து முதுகின் நடுவே விரலை ஓட்டினால் வரிசையாகத் தட்டுப்படும் மேடுகள் எல்லாம் இந்த எலும்புகளின் பின்பக்க முட்கள். லத்தீனிலும் ஸ்பைனா என்றால் முள்தான்! ஆனால் வெர்டிப்ரா வேறு வழியில் வந்தது, 'திருப்பு' என்று பொருள்படும் வெர்ட்டெரெ என்ற வினையிலிருந்து. அந்தப் பெயர் அசைவைப் பார்த்து வைத்தது, நம்முடையது தடவிப் பார்த்து வைத்தது.

அமைப்பு எளிது. முன்னால் உருளை மாதிரி ஓர் உடல், எடையைத் தாங்குவது பெரும்பாலும் அதுதான். பின்னால் ஒரு வளைவு. நடுவில் ஓட்டை, இந்த ஓட்டைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து குழாயாகி அதற்குள் தண்டுவடம் இறங்குகிறது. வளைவிலிருந்து 7 நீட்சிகள்: பின்னால் முள் 1, பக்கங்களில் 2, மேலும் கீழும் அடுத்த எலும்போடு மூட்டாகச் சேர 4. கழுத்தின் முதல் எலும்புக்கு மட்டும் உடலும் கிடையாது, சொல்லும்படி முள்ளும் கிடையாது, வெறும் வளையம். தலையைச் சுமப்பதால், வானத்தைச் சுமந்த கிரேக்க அட்லஸின் பெயர் அதற்கு. நாம் "ஆமாம்" என்று தலையாட்டுவது பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் நடுவில். "இல்லை" என்று ஆட்டுவது அட்லஸுக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவில்.

பிறக்கும்போது மொத்தம் 33: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அப்புறம் வளர வளர ஒட்டிப்போகும் 5, வால்பக்கம் வழக்கமாக 4.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இந்த வரிசைக்கு முள்ளந்தண்டு என்றும் தண்டுவடத்துக்கு முண்ணாண் (முள் + நாண்) என்றும் பெயர், எனக்கு இரண்டுமே பிடிக்கும். கடைசித் துண்டுக்குக் குயிலலகு என்பார்கள். ஆங்கிலத்தில் அது காக்கிக்ஸ், குயிலினப் பறவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, எலும்பு அதன் அலகு போலிருக்கிறதாம். அழகான சொல்தான், ஆனால் வழுக்கி விழுந்து "வாலெலும்புல அடி" என்று முனகுகிறவரிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.