ஒற்றுப்பிழை பார்ப்பதற்கு முன்னால் பிரதியை யாராவது முழுசாகப் படிக்கட்டும்

நவம்பர் பிறந்தால் என் போனில் ஒரே மாதிரி அழைப்புகள் வரும். "மேடம், நாவலை முடிச்சிட்டேன், ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துடணும், ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்துடுங்க, மத்ததெல்லாம் ரெடி." ரெடி என்று யார் சொன்னது என்று கேட்டால், வீட்டில் படித்தார்கள், ஆபீஸ் நண்பர் ஒரே மூச்சில் முடித்துவிட்டாராம், வாட்ஸ்அப் குழுவில் முதல் அத்தியாயத்துக்கு ஏகப்பட்ட இதயங்கள் விழுந்ததாம். பிரதியைச் செம்மையாக்குவதுதான் எனக்குப் பிழைப்பு. அதனால் வேலை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஆனாலும் இந்த மாதிரி அழைப்புகளில் பாதிப் பேரிடம் நான் சொல்வது, இப்போதைக்கு ஒற்றை விடுங்கள், முதலில் கதையை யாராவது முழுசாகப் படித்துக் கருத்துச் சொல்லட்டும் என்பதுதான்.

இதை ஏன் எழுத்தாளர் தன் கைக்காசைப் போட்டுச் செய்ய வேண்டும், பதிப்பகத்தில் எடிட்டர் இருக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழில் பெரும்பாலான பதிப்பகங்களில் அப்படி ஒருவர் கிடையாது என்பதுதான் பதில். உரிமையாளரே படிப்பார், அவரே அட்டைக்கு ஆள் பிடிப்பார், அவரே ஸ்டாலில் உட்கார்ந்து பில்லும் போடுவார். 1974-ல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியை வரி வரியாகப் பார்த்ததைப் பற்றி இன்றுவரை வியந்து பேசுகிறோம் என்றால், அப்படிச் செய்தவர்கள் அவ்வளவு குறைவு என்றுதான் அர்த்தம். போதாக்குறைக்கு இப்போது தேவைக்கேற்ப அச்சடிக்கும் வசதி வந்துவிட்டது. ஆயிரம் பிரதி அச்சடித்துக் குடோனில் அடுக்கிய காலத்தில், பணம் முடங்குமே என்ற பயத்திலாவது பதிப்பாளர் இருமுறை யோசித்தார். ஐம்பது பிரதி போட்டால் போதும் என்றாகிவிட்டபோது அந்த யோசனைக்கும் அவசியமில்லை. அப்படியே வாங்கி அப்படியே லேஅவுட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நான் சொல்லும் கருத்து என்பது ஒரு வாசிப்பு அறிக்கை. பிரதியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, எங்கே கதை தொடங்குகிறது, எங்கே தொய்கிறது, யார் காரணமில்லாமல் காணாமல் போகிறார், எந்த இடத்தில் நம்ப முடியவில்லை என்று நாலைந்து பக்கத்தில் எழுதித் தருவது. அதை வைத்து நீங்கள் திரும்ப எழுத வேண்டும். அதற்கு அப்புறம்தான் வாக்கியங்களைச் செம்மையாக்கும் வேலை. கடைசியாக, பக்கம் வடிவமைத்த பிறகு, மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகும் முன் எழுத்துப்பிழை பார்ப்பது. இந்த வரிசையை மாற்றிப்போட்டால் காசுதான் தண்டம், தூக்கி எறியப்போகிற அத்தியாயத்துக்கும் சேர்த்து ஒற்றுப் பார்க்கக் கூலி கொடுத்திருப்பீர்கள். இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டிய பிறகு ஒன்பதாம் அத்தியாயத்தை மூன்றாம் அத்தியாயத்துக்கு முன்னால் நகர்த்துங்கள் என்று வடிவமைப்பாளரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

ஒரு பிரதியிலிருந்து உதாரணம் சொல்கிறேன், எழுதியவரின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி. கதை மதுரைக்குப் பக்கத்துக் கிராமம், வருஷம் 1972. எம்.ஜி.ஆரை தி.மு.க.விலிருந்து நீக்கிய செய்தியைத் தாத்தா தன் வீட்டுக் கூடத்தில் டிவியில் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போகிறார். அந்தப் பத்தியில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது. வாக்கியங்களும் நன்றாகவே இருந்தன. மெய்ப்புப் பார்ப்பவர் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பார். ஆனால் சென்னைக்கே தொலைக்காட்சி நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல்தான், அதற்கு மூன்று வருஷம் முன்னால் மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் ஏது டிவி. சரி, டிவியை ரேடியோ என்று மாற்றிவிட்டால் போதும் என்றுதான் எழுதியவரும் சொன்னார். ரேடியோ என்றால் அந்த வீட்டில் இருந்ததா, டீக்கடையில் இருந்ததா என்று கேட்டேன். டீக்கடையில்தான் என்றார். அப்படியானால் தாத்தா செய்தி கேட்கத் தெருவில் இறங்கி நடக்க வேண்டும், நாலு பேர் நடுவில் நிற்க வேண்டும், பாகப்பிரிவினைச் சண்டையில் பேச்சு நின்றுபோன தம்பியும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. அந்தத் தம்பி அதுவரை நாவலில் பெயராக மட்டும் இருந்தார். திருத்தி எழுதியதில் அந்த டீக்கடைக் காட்சிதான் முதல் அத்தியாயமாகிவிட்டது. அதற்கு முன்னால் இருந்த முப்பது பக்கக் குடும்ப வரலாறு, கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தார் என்பதெல்லாம், நாலு வரியாகச் சுருங்கி உள்ளே எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது.

இந்த முன்கதை வியாதி நம்மிடம் நிறைய உண்டு. இன்னொன்று வட்டார வழக்கு. நாகர்கோவில் அத்தை இரண்டாம் அத்தியாயத்தில் "என்னவுளே" என்று அழகாகப் பேசுவார், பதினோராம் அத்தியாயத்தில் சீரியல் மாமியார் தமிழுக்கு மாறியிருப்பார். எழுதியவருக்கு இது கண்ணில் படாது, ஏனென்றால் அவர் காதில் அத்தையின் குரல் சரியாகவே கேட்டுக்கொண்டிருக்கும்.

அணிந்துரைக்கு வருகிறேன். "பெரிய எழுத்தாளர் ஒருவரே படித்துப் பாராட்டி அணிந்துரை கொடுத்திருக்கிறார், இதுக்கு மேல என்ன கருத்து வேணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பிரதியைத் திட்டி எழுதிய அணிந்துரை எதையாவது நீங்கள் படித்திருக்கிறீர்களா? அது மரியாதைக்கு எழுதுவது. பலர் முதல் இருபது பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் புரட்டிவிட்டு எழுதுகிறார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தப்புச் சொல்லவில்லை, அவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் அதை நம்பிப் பிரதியை மூடி வைத்துவிடாதீர்கள்.

ஆளைத் தேடும்போது, நீங்கள் எழுதும் வகையை விரும்பிப் படிப்பவராகப் பாருங்கள். சரித்திர நாவலே பிடிக்காதவரிடம் சோழர் கதையைக் கொடுத்தால் அவர் கருத்தில் பாதி அந்தப் பிடிக்காத்தனமாகத்தான் இருக்கும். முழுப் பிரதியையும் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒரு அத்தியாயம் கொடுங்கள், அதற்கு அவர் எழுதித் தரும் குறிப்பைப் படியுங்கள். "விறுவிறுப்பு கூட்டலாம்" என்ற ரகத்தில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். பக்க எண் போட்டு, இந்த இடத்தில் எனக்கு இது புரியவில்லை என்று எழுதுபவர்தான் வேண்டும். கட்டணம், எத்தனை நாள், அறிக்கை வந்த பிறகு போனில் பேசலாமா, எல்லாவற்றையும் மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். கதையைத் திருடிவிடுவார்களோ என்று பயப்படுபவர்களுக்கு: நம் ஊர்ச் சட்டப்படி, எழுதி முடித்தவுடனேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் என்பது இல்லை. தேதியோடு மெயிலில் அனுப்பியது ஒன்று இருந்தாலே பிற்பாடு பேசுவதற்கு ஆதாரம்.

ஒரே இடத்தில் கருத்தும் சொல்லி, எடிட்டும் செய்து, அட்டையும் போட்டு, வெளியிட்டும் தருகிறோம் என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். உங்கள் நாவல் இன்னும் தயாராகவில்லை என்று சொன்னால் அவர்களுக்குப் பெரிய பில் போய்விடும், எப்படிச் சொல்வார்கள்? அந்தப் பேக்கேஜில், புத்தகத்துக்கு அடையாளமாகத் தரும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது என்ன கணக்கு என்று கேளுங்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் தருகிறது.

அறிக்கை கைக்கு வந்த அன்றைக்கே பதில் எழுத உட்காராதீர்கள். கோபம் வரும். எனக்கு வந்த பதில்களிலேயே மிக நீளமானவை எல்லாம் அன்றிரவே வந்தவை. ஒரு வாரம் போகட்டும், அப்புறம் எடுத்துப் படியுங்கள். எனக்கு இங்கே தடுக்கியது என்று படித்தவர் சொன்னால் அநேகமாக அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் அதைச் சரிசெய்ய அவர் சொல்லும் வழி சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் சொன்ன தீர்வை ஒதுக்கிவிட்டு வேறு மாதிரி எழுதி வந்தவர்கள் பலர், அதுதான் நன்றாகவும் இருந்தது.

ஜனவரிக்குப் புத்தகம் வேண்டும் என்றால் ஆனி, ஆடியிலேயே அறிக்கை கையில் இருக்க வேண்டும், திரும்ப எழுதவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகு பதிப்பாளருக்கு அனுப்பும்போது ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், உங்களைப் பற்றி நாலு வரி போதும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். என் அறிக்கையை மட்டும் தயவுசெய்து கூடவே இணைக்க வேண்டாம்.