பெரிய மீன் ஓடுகிறது, அதனால் தண்ணீர் நல்லது என்று யார் சொன்னது?

குஞ்சு செத்து மிதக்கிறது என்று கூப்பிடுகிறவர்கள் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள்: "ஆனா பெரிய மீனெல்லாம் நல்லாத்தான் ஓடுது சார், தண்ணியில ஒண்ணும் இல்ல." அப்புறம், "குஞ்சு கொடுத்தவன்தான் ஏமாத்திட்டான்." இந்தப் பருவத்தில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பார்ப்பது காவிரி டெல்டாவின் மீன் குளங்களை. வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே எண்ணெய்க் கிணறுகளும் கச்சா எண்ணெய்க் குழாய்களும் இருக்கிற ஊர்கள். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, கறுப்பாகக் கண்ணில் பட்டது என்பதால். எனக்குத் தலைவலி கண்ணில் படாதவற்றால். கிணற்றிலிருந்து எண்ணெயோடு கூடவே மேலே வரும் உப்பு நீர், துளையிடும் இடத்துக் கழிவுக் குட்டை, டேங்கர் கழுவிய தண்ணீர். சுத்திகரிக்காமல் விட்டாலோ, மழையில் குட்டை நிரம்பி வழிந்தாலோ, முதலில் வாய்க்கால், அடுத்து உங்கள் குளம்.

பெரிய மீன் ஏன் தாங்குகிறது? அதற்கு வேலை செய்கிற ஈரல் இருக்கிறது. எண்ணெயிலிருந்து கரைந்து வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுப் பொருள்களை (நாங்கள் பி.ஏ.எச். என்போம்) ஈரல் உடைத்துப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். பிடிக்காத மூலையை விட்டு நீந்திப் போகவும் அதற்குத் தெரியும். முட்டைக்கு இந்த வசதியெல்லாம் இல்லை. கட்லா, ரோகு முட்டைகள் வெளியே விழுந்ததும் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சித்தான் உப்புகின்றன. அந்தத் தண்ணீரில் இருப்பதும் கூடவே உள்ளே போகும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், அடுத்த மூன்று நாளைக்கு மஞ்சள் கருதான் சாப்பாடு. பி.ஏ.எச். கொழுப்பைத் தேடிப் போய் ஒட்டும் பொருள், மஞ்சள் கருவிலோ கொழுப்புக்குக் குறைவில்லை. இதயம் உருவாகி ஒழுங்காகத் துடிக்கப் பழகுவதும் இதே நாட்களில்தான்.

அந்த வயதுக் குஞ்சின் உடம்பு ஒளிபுகும். சாதாரண நுண்ணோக்கியில் வைத்தாலே இதயம் துடிப்பது தெரியும். பாதிக்கப்பட்ட குஞ்சில் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து ஒரு கொப்புளம் நிற்கும், துடிப்பு மந்தமாக, விட்டுவிட்டு வரும். முதுகு வளைந்திருக்கும், தாடை வளராமல் சிறுத்திருக்கும். இப்படி நீர் கோப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் குஞ்சை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், தண்ணீரையும் கேட்பேன்.

"தண்ணி மேல எண்ணெய்ப் படலமே இல்லையே சார்" என்பது அடுத்த வாதம். படலம் இருந்தால் தனிக் கேடு. குஞ்சு மேலே வந்து காற்றை விழுங்கித்தான் காற்றுப் பையை (மிதக்க உதவும் உறுப்பு) முதன்முதலில் நிரப்ப வேண்டும், படலம் அதைக் கெடுக்கிறது. தாய்க்கு மேலே செம்மஞ்சள் கூட்டமாக மிதக்கும் விரால் குஞ்சுகளின் கதி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படலம் இல்லாததால் தண்ணீர் சுத்தமாகிவிடாது. கரைந்தது கரைந்ததுதான், அதற்கு நிறமில்லை. போதாக்குறைக்கு, உடம்பில் பி.ஏ.எச். ஏறிய குஞ்சின் மேல் வெயில் பட்டால் நச்சு இன்னும் கூடுகிறது. நம் குளத்துக்கு வெயிலா பஞ்சம்?

1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டிய பிறகு, ஆற்றில் முட்டையிடும் இளஞ்சிவப்பு சால்மன் மீன்களை வைத்து ஆய்வு செய்தார்கள். நூறு கோடியில் சில பங்கு பி.ஏ.எச். பட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளில், பார்வைக்கு நன்றாக இருந்தவற்றைத்தான் கடலுக்கு விட்டார்கள். வளர்ந்து திரும்பியவை, நல்ல தண்ணீரில் பொரிந்தவற்றைவிடக் குறைவு.

நம்மூர் விதிப்படி ஆற்றிலும் வாய்க்காலிலும் விடும் ஆலைக் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இருக்கலாம். இந்த அளவீடு மொத்த எண்ணெயைச் சொல்லும், அதில் பி.ஏ.எச். எவ்வளவு என்று சொல்லாது. மீனை வைத்துச் செய்யும் சோதனையில் 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருந்தால் தேர்ச்சி. இதயம் பழுதான குஞ்சு ஐந்தாம் நாள் சாவதை அந்தச் சோதனை எப்படிப் பார்க்கும்? "ரிப்போர்ட் எல்லாம் சரியா இருக்கே" என்று காகிதத்தை நீட்டுகிறவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில், படலத்தைப் பார்த்ததும் சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றுவதை நிறுத்துங்கள். அது எண்ணெயைப் பொடித்துளியாக்கி, மேலே கிடந்ததைக் குஞ்சு இருக்கும் ஆழத்துக்கே அனுப்பிவைக்கும். சோப்பே செவுளைக் கெடுக்கும் என்பது வேறு. மடையை அடையுங்கள். வாய்க்கால் மதகில் வைக்கோல் பிரியைக் குறுக்கே மிதக்கவிட்டால் படலத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். கரைந்ததை வைக்கோல் தடுக்காது.

மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, நமக்கும் முட்டைப் பருவம் தொடங்குவது அப்போதுதான். வாய்க்காலில் தேங்கிக் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவது முதல் தண்ணீர். அதை நாற்றங்கால் குளத்துக்கு (சிறு குஞ்சு வளர்க்கும் குளம்) விடாதீர்கள், போகட்டும். பிறகு விடும்போதும், ஒரு தொட்டியில் வாய்க்கால் தண்ணீர், பக்கத்துத் தொட்டியில் நல்ல போர்வெல் தண்ணீர், இரண்டிலும் கொஞ்சம் நுண்குஞ்சு (பொரிந்து சில நாளே ஆன குஞ்சு) விட்டு இரண்டு நாள் பாருங்கள். வாய்க்கால் தொட்டியில் மட்டும் செத்தால் மடையைத் திறக்காதீர்கள். சாகாவிட்டால் அது நல்ல தண்ணீர் என்பதற்குச் சான்றிதழும் இல்லை. சந்தேகம் இருக்கிற வருஷம் நுண்குஞ்சு வேண்டாம், விரல் நீளக் குஞ்சாக வாங்கி விடுங்கள்.

தயவுசெய்து கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வராதீர்கள். எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், நான் எதைச் சோதிப்பது? சுத்தமான, அகல வாய்க் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். அதே தண்ணீரில் அலசாமல் நேராக மொண்டு, ஐஸில் வைத்து அன்றே கொண்டு வாருங்கள். குஞ்சு என்றால் தத்தளித்துக்கொண்டிருப்பதை உயிரோடு கொண்டு வாருங்கள். செத்து நாறியதில் எனக்கு ஒன்றும் தெரியாது.

வாய்க்காலில் எண்ணெய் வாடை அடித்த அன்றே, இடமும் நேரமும் தெரியும்படி போட்டோ எடுத்து, மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கும் எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு, குஞ்சு விற்றவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.