தலையில அடிபட்டா பீரியட்ஸ் ஏன் நிக்குது?

"அக்கா போன வருஷம் பைக்ல பின்னாடி சைடா உக்காந்து போறப்ப ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டு விழுந்துட்டா, நாலு நாள் ஐசியூ, இப்ப தலை ஸ்கேன் சரியா இருக்கு, ஆனா எட்டு மாசமா பீரியட்ஸ் வரல, எந்நேரமும் அசதி, வயித்த ஸ்கேன் பண்ணி கர்ப்பப்பை, ஓவரி எல்லாம் நார்மல்னுட்டாங்க, பாட்டி காத்து பட்டிருச்சுன்னு தாயத்து கட்டிட்டாங்க"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க.

ஓவரி நார்மல்ங்கறது உண்மையாவே இருக்கலாம்மா, அதுக்கு மேல இருந்து வர்ற சிக்னல் வராம போயிருக்கலாம். மூக்கு ஆரம்பிக்கிற இடத்துக்கு நேர் பின்னாடி மண்டையோட்டு அடியில ஒரு எலும்புக் குழி, அதுல பட்டாணி சைஸ்ல அரை கிராம் எடையில பிட்யூட்டரி சுரப்பி இருக்கு, தைராய்டு, அட்ரினல், ஓவரி எல்லாத்தையும் வேலை வாங்குறது இதுதான்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அதையே வேலை வாங்குறது அதுக்கு மேல இருக்கற ஹைப்போதலாமஸ். ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு காம்பு. தலை தரையில மோதி மூளை குலுங்கறப்ப சுரப்பி குழிக்குள்ள அசையாம நிக்கும், மூளை நகரும், இழுபடறது இந்தக் காம்புதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இந்தக் காம்புல ஓடற ரத்தம்தான். பிட்யூட்டரியோட முன்பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் நேரா வர்றதில்ல, முதல்ல ஹைப்போதலாமஸ் அடியில தந்துகியா, அதாவது முடி மாதிரி மெல்லிய ரத்தக்குழாயா பிரிஞ்சு, அங்க சொட்டுற ஹார்மோனை வாங்கிக்கிட்டு, காம்பு வழியா சின்ன சிரைகள்ல இறங்கி, சுரப்பிக்குள்ள மறுபடி தந்துகியா பிரியுது. 1952ல ஜெஃப்ரி ஹாரிஸும் டோரா ஜேக்கப்சனும் பெண் எலிகளோட பிட்யூட்டரிய எடுத்துட்டு வேற பிட்யூட்டரிய ஒட்ட வச்சாங்க. ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழ வச்ச எலிகளுக்கு சுழற்சி திரும்பி கர்ப்பமே ஆச்சு, மூளையோட பக்கவாட்டு மடலுக்கு அடியில வச்சதுல சுரப்பி உயிரோட இருந்தும் வேலை நடக்கல. அந்த ரத்தம் வந்து சேரணும், அவ்ளோதான்.

அதுலயும் ஒரு தாளம் இருக்கு பாருங்க. மாதவிடாய் சுழற்சியோட முதல் பாதியில ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிய தூண்டுற ஜிஎன்ஆர்ஹெச்ங்கற ஹார்மோனை 60லருந்து 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே வீச்சா விடும், சில நிமிஷத்துல அது ரத்தத்துல கரைஞ்சு போயிரும், அப்புறம் அடுத்த வீச்சு வரைக்கும் அமைதி. 1978ல எர்ன்ஸ்ட் நோபில் குழு, இந்த ஹார்மோன் சுரக்கற இடம் அழிஞ்ச ரீசஸ் குரங்குகளுக்கு அதை மணிக்கு ஒரு தடவை குடுத்தப்ப பிட்யூட்டரி எழுந்து வேலை செஞ்சது, நிறுத்தாம ஏத்துனப்ப, ஓவரிய வேலை வாங்க பிட்யூட்டரி சுரக்கற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ரெண்டும் விழுந்துருச்சு! அதே ஹார்மோன்தான், இடைவெளி விட்டு வரலன்னா பிட்யூட்டரி கேக்கறதையே விட்டுருது. எண்டோமெட்ரியோசிஸ்க்கு (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளியில வளர்ற நோய்) போடற, ஜிஎன்ஆர்ஹெச் மாதிரியே இருக்கற லூப்ரோலைட் ஊசி பீரியட்ஸ நிறுத்தறதும் இந்த வழியிலதான்.

இப்ப அக்கா கதைக்கு வரேன். அடிபட்ட அதிர்ச்சியில உடம்பே சில மாசம் இந்தத் தாளத்தை அடக்கி வைக்கும், பல பேருக்கு தானா திரும்பிரும். திரும்பலன்னா காம்புலயோ சுரப்பியிலயோ சேதம் இருக்கான்னு பாக்கணும். வளர்ச்சி ஹார்மோன், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் சுரக்கற செல்கள் அந்தக் காம்பு ரத்தத்தையே நம்பி ஓரமா இருக்கறதால அதுங்கதான் அதிகம் அடி வாங்குது. பால் சுரக்க வைக்கற புரோலாக்டின் ஹார்மோன் மட்டும் தலைகீழ், அதை அடக்கி வைக்கற டோபமைன் ஹைப்போதலாமஸ்ல இருந்து காம்பு வழியா இறங்கலன்னா அது ஏறிரும், ஏறி ஜிஎன்ஆர்ஹெச்சையும் அமுக்கும், சிலருக்கு குழந்தை இல்லாமயே மார்ல பால் கசியும்.

ரிப்போர்ட் படிக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஓவரி ஓஞ்சு ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா எஃப்எஸ்ஹெச் எகிறணும், மெனோபாஸ்ல அப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் தரைல கிடக்கறப்ப எஃப்எஸ்ஹெச் "நார்மல்"னு வந்தா அந்த நார்மலே தப்பு, எகிற வேண்டிய நேரத்துல பிட்யூட்டரி எகிறலன்னு அர்த்தம், ஆனா லேப் பேப்பர்ல அதுக்கு பக்கத்துல எந்தக் குறியும் இருக்காது.

2007ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வுல, தலைக்காயத்துக்கு அப்புறம் மாசக்கணக்கா கழிச்சு பாத்தவங்கள்ல 27.5 சதவீதம் பேருக்கு பிட்யூட்டரி குறைபாடு இருந்துச்சு. தலைக்காய ஆய்வுகள்ல ஆண்கள்தான் எப்பவும் அதிகம், பெண்களுக்குன்னு தனியா காசு ஒதுக்கி ஆராயணும்னு நான் நினைக்கறேன். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்காரங்களே, டிஸ்சார்ஜ் பேப்பர்ல கடைசியா பீரியட்ஸ் வந்த தேதிய எழுதுங்க, இதுக்கு காசே வேணாம். தாயத்து கட்டுன பாட்டி மேல எனக்கு கோவமில்ல, பேத்தி மேல இருக்கற பாசத்துல கட்டுறாங்க, ஆனா எட்டு மாசம் போயிருச்சேன்னு வயிறு எரியுது.

முதல்ல கர்ப்பம் இல்லன்னு ஒரு டெஸ்ட்ல உறுதி பண்ணிட்டு எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டர பாருங்க, விழுந்த கதைய நீங்களே சொல்லுங்க, அவங்களா கேக்காம போகலாம். காலைல எட்டு மணி வாக்குல கார்ட்டிசால் (அட்ரினல் சுரக்கற ஸ்டீராய்டு ஹார்மோன்), கூடவே தைராய்டு, புரோலாக்டின், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன்ல முக்கியமானது) எடுக்கச் சொல்லுவாங்க. கார்ட்டிசாலும் தைராய்டும் ரெண்டுமே குறைவுன்னா ஸ்டீராய்டு மாத்திரைதான் முதல்ல, தைராய்டு மாத்திரை அப்புறம், வரிசை மாறினா உயிருக்கே ஆபத்து. இடையில விடாத வாந்தி, மயக்கம்னு வந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம எமர்ஜென்சிக்கே கூட்டிட்டுப் போயிருங்க.