சொல் விளக்கம்: ஃபெட்டிஷ் – உருவாரம்

ஆப்பிரிக்க மரச்சிற்பங்களைப் பற்றிப் படிப்பவர்களுக்கு ‘ஃபெட்டிஷ்’ அடிக்கடி தட்டுப்படும் சொல். வேர், லத்தீனின் ‘ஃபாக்டிசியுஸ்’. கையால் செய்யப்பட்டது என்று பொருள். போர்த்துக்கீசிய மொழியில் அது ‘ஃபெய்திசோ’ ஆகி, தாயத்து, சூனியம் என்ற பொருளைப் பெற்றது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிய மாலுமிகள் அங்கே வழிபாட்டில் கண்டவற்றையெல்லாம் இப்படியே அழைத்தார்கள். 1760-இல் பிரெஞ்சுக்காரர் சார்ல் தெ ப்ரோஸ், பொருளையே கடவுளாகக் கும்பிடும் ஆதிநிலைச் சமயத்துக்கு இதைப் பெயராக்கினார். ‘மாயப்பொருள்’ என்று தமிழாக்குபவர்கள் அந்தப் பழைய ஏளனத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள்.

மாலி நாட்டின் பாந்தியாகரா மலைச்சரிவில் வாழும் டோகோன் மக்களின் சிற்பங்களுக்கு இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது. அவர்களுடைய படைப்புக் கடவுள் பெயர் அம்மா (நம் சொல்லோடு ஒலி ஒற்றுமை மட்டுமே). உருவங்களைச் செதுக்குபவர்கள் கொல்லர்கள். உழவர்களோடு மண உறவு கொள்ளாத தனிக்குலம். பீடத்தில் வைத்த உருவத்தின் மேல் கம்பு மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். கோழியோ ஆடோ அறுத்து இரத்தம் விடுவார்கள். ஊற்றியது காய்ந்து காய்ந்து பொருக்காகப் படியும். வாய்ச்சி வெட்டிய தடமே தெரியாத அளவுக்குப் பொருக்குத் தடித்த உருவங்களும் உண்டு.

இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் உருவம் பேர்போனது. 1931 முதல் டோகோன்களிடையே ஆய்வு செய்த மார்செல் கிரியோலின் வழிவந்தவர்கள், இதை நொம்மோ என்னும் நீர்த்தெய்வங்களோடு சேர்த்து, மழை வேண்டும் கோலம் என்றார்கள். பின்னாளில் அங்கே தங்கி ஆராய்ந்த டச்சு மானிடவியலாளர் வால்டர் வான் பேக் சொன்னது வேறு: இவ்வுருவங்கள் குறிப்பது வேண்டுபவரை. பிள்ளை வேண்டும், நோய் தீர வேண்டும் என்று கேட்பவர் எந்நேரமும் பீடத்தருகே நிற்க முடியாது. அவருக்காக மர உருவம் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. எனக்கு இந்த விளக்கமே ஏற்புடையதாகப் படுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சிலை’யின் வேர்ப்பொருள் கல். ‘விக்கிரகம்’ தெய்வத்தின் உரு. ‘மரப்பாவை’ குறளில் (1020) நூலால் ஆட்டப்படும் உயிரற்ற பொம்மை. ஐயனார் கோயில்களில் நேர்ந்துகொண்டவர்கள் வைக்கும் மண்பிள்ளைக்கும் மண்கை, மண்காலுக்கும் ‘உருவாரம்’ என்று பெயர். நம்மிடையே வேண்டுதல் பலித்த பிறகு வைப்பதும் உண்டு என்றாலும், கேட்பவருக்காக ஓர் உருவைத் தெய்வத்தின் முன் நிறுத்தும் வழக்கம் ஒன்றுதான். ஆகவே ‘மர உருவாரம்’ என்பதே என் பரிந்துரை.

டோகோன் முகமூடிகளுக்கு இச்சொல் வேண்டாம். அவை துக்கம் முடிக்கும் ‘தாமா’ சடங்கில் அணிந்து ஆடுவதற்கானவை. ‘முகமூடி’ என்றே சொல்லலாம்.