டாகோட்சுபோ: சொல்லும் பொருளும்

ஜப்பானிய மொழியில் டாகோ என்றால் ஆக்டோபஸ். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள். ட்சுபோ என்றால் பானை. வயிறு அகன்று கழுத்து குறுகிய இந்தப் பானையைக் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்கிவைத்தால், பதுங்க இடம் கிடைத்ததென்று ஆக்டோபஸ் உள்ளே புகுந்துகொள்ளும்.

1990இல் ஜப்பானிய மருத்துவர் ஹிகாரு சாட்டோவும் அவருடைய குழுவினரும் இந்தப் பெயரை ஓர் இதய நோய்க்கு வைத்தார்கள். நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றம் எல்லாம் மாரடைப்பு போலவே இருக்கும். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் இதய ரத்தக்குழாய்களில் அதற்குக் காரணமான அடைப்பு இருக்காது. இடது கீழறையின் நுனி மட்டும் சுருங்க முடியாமல் உப்பி நிற்கும், அசல் அந்தப் பானை வடிவில். அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் திடீரெனப் பெருகி இதயத்தசையைத் தாக்குவதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் தசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஐரோப்பா, அமெரிக்க மருத்துவமனைகளின் 1,750 நோயாளிகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் பெண்கள். பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். சரி, பெண்களின் நோய் என்று விட்டுவிடலாமா? கூடாது. அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் இந்நோயுள்ள பெண்கள் 5.5 விழுக்காடு இறந்தார்கள், ஆண்களோ 11.2. ஆண்களுக்கு இது பெரும்பாலும் அறுவை சிகிச்சை, தொற்று, பக்கவாதம் போன்ற உடல் நெருக்கடியின்போது வருகிறது. ஏற்கெனவே தளர்ந்த உடம்பு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதனால்தான் இந்நோய்க்கு வழங்கும் 'உடைந்த இதய நோய்' என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. துக்கம் இதைக் கொண்டுவரும், உண்மைதான். ஆனால் அந்த 2015 ஆய்விலேயே மனத்துயரத்தைவிட உடல் காரணங்கள்தான் அதிகம். 'மன அழுத்த இதய நோய்' என்றாலும் அதே குறை. வெறும் 'அழுத்தம்' என்றால் ரத்த அழுத்தம் என்று நினைத்துவிடுவார்கள்.

உளைச்சல் என்ற சொல் பொருந்தும். மன உளைச்சல் என்கிறோம், கைகால் உளைச்சல் என்றும் சொல்கிறோம். மனம், உடம்பு இரண்டுக்கும் அது வரும். ஆகவே என் பரிந்துரை: உளைச்சல் இதயத்தசை நோய். மருத்துவமனைச் சீட்டில் 'ஸ்ட்ரெஸ் கார்டியோமயோபதி' என்று எழுதியிருந்தாலும் இதே நோய்தான்.