செவ்வாயில் படம் பிடித்தது யார்?

கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில் நான் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் 'குட் நைட் ஆப்பி' என்ற ஆவணப்படத்தின் சில பகுதிகளைத் திரையிட்டேன். ரையன் ஒயிட் இயக்கத்தில் 2022-ல் வெளிவந்த அந்தப் படம், 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கி, 90 செவ்வாய் நாள்கள் உழைத்தால் போதும் என்று திட்டமிடப்பட்டிருந்தும் 2018 வரை இயங்கிய ஆப்பர்ச்சுனிட்டி, சுருக்கமாக ஆப்பி, என்னும் ஆறு சக்கர ஊர்தியின் வரலாறு. ஊர்தி மணலில் தடம் பதித்துச் செல்லும் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "டீச்சர், ஆப்பி அங்க தனியாத்தானே இருக்கு? அப்புறம் யாரு வெளியில நின்னு படம் பிடிச்சாங்க?"

யாரும் பிடிக்கவில்லை. அந்தக் காட்சிகளை, ஊர்தி அனுப்பிய நிழற்படங்களை ஆதாரமாக வைத்து, இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் கணினியில் உருவாக்கினார்கள். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஊர்தி உண்மையில் எப்படிப் படம் பிடித்தது என்பது, திரையில் கண்டதைவிட வியப்பானது என்பதால் அதை அவளுக்கு விளக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஊர்தியின் கழுத்துபோல் நின்ற கம்பத்தின் உச்சியில், தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், பான்கேம் எனப்படும் இரட்டைக் கேமரா இருந்தது. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்த அதன் இரு கண்களும் ஒரே பாறையைச் சற்றே வேறு கோணங்களில் பார்த்ததால், பாறையின் தொலைவைக் கணக்கிட முடிந்தது. ஒவ்வொரு கண்ணின் உணர்தகட்டிலும் 1024-க்கு 1024 என்ற கணக்கில் ஏறத்தாழ ஒரு மில்லியன் படப்புள்ளிகள் இருந்தன. அந்தத் தகடுகளுக்கு நிறம் தெரியாது. விழும் ஒளி கூடுதலா குறைவா என்பது மட்டுமே தெரியும்.

நம் கைப்பேசிக் கேமராவின் தகட்டுக்கும் தானாக நிறம் தெரியாதுதான். அதன் ஒவ்வொரு படப்புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தை மட்டும் விடும் நுண்ணிய வடிகட்டி நிலையாக ஒட்டப்பட்டிருப்பதால், ஒரே சொடுக்கில் வண்ணப்படம் கிடைத்துவிடுகிறது. செவ்வாய்க்கு அது போதாது. இரும்புக் கனிமங்களை வேறுபடுத்திக் காண, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு உள்ளிட்ட குறுகிய அலைவரிசைகள் பலவும் புவியியலாளர்களுக்குத் தேவைப்பட்டன. ஆகவே பான்கேமின் ஒவ்வொரு கண்ணுக்கு முன்னும் எட்டு இடங்கள் கொண்ட வடிகட்டிச் சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டது. சக்கரம் ஒரு வடிகட்டியைக் கண்ணுக்கு முன் கொண்டுவந்து நிறுத்தும். கேமரா ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கும். பிறகு சக்கரம் அடுத்த வடிகட்டிக்குத் திரும்பும். இப்படித் தனித்தனியே வந்து சேர்ந்த படங்களைப் பூமியில் ஒன்றாக்கிய பிறகுதான் செவ்வாயின் செம்மண் நிறம் உருவாயிற்று.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. மறுநாள் பள்ளித் திடலில், அசையாத முக்காலியில் கைப்பேசியைப் பொருத்தி, கறுப்பு வெள்ளை அமைப்பில், சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள்களை ஒவ்வொன்றாகக் கேமராவின் முன் பிடித்து மூன்று படங்கள் எடுத்தோம். கணினியில் அவற்றை அந்தந்த நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டபோது, வேலியோரச் செம்பருத்திப் பூ சிவந்து வந்தது, பிள்ளைகள் கூவிவிட்டார்கள். கொடிக்கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்த கொடி மட்டும், மூன்று படங்களிலும் மூன்று இடங்களில் இருந்ததால், மூன்று நிற விளிம்புகளோடு பேய்போல் நின்றது. பாறைகள் ஆடுவதில்லை என்பதால்தான் இம்முறை செவ்வாயில் செல்லுபடியாகிறது.

நிறம் சரியாக வந்ததா என்று சோதிக்க, ஊர்தியின் மேல்தளத்தில் கையகலச் சூரியக் கடிகாரம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதன் நான்கு மூலைகளிலும் நிறம் முன்பே அளந்து அறியப்பட்ட வண்ணச் சதுரங்கள், நடுவே சாம்பல் நிற வளையங்கள், அவற்றின்மேல் நிழல் விழ ஒரு சிறு கம்பி. நேர் வெயில் பட்ட வளையத்தையும் நிழல் பட்ட வளையத்தையும் ஒப்பிட்டால், தூசு நிறைந்த வானம் எவ்வளவு சிவப்பை எல்லாவற்றின்மேலும் பூசுகிறது என்பது தெரியும். அதன்மேல் 'இரண்டு உலகங்கள், ஒரே சூரியன்' என்ற பொருளில் ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது.

தொடர்ந்து ஓடும் காணொளியை ஆப்பியோ அதன் இரட்டை ஊர்தியான ஸ்பிரிட்டோ எடுத்ததில்லை. 2005-ல் ஸ்பிரிட் படம் பிடித்த புழுதிச் சுழல்கள் நகர்வதாகத் தெரிவதும், இடைவெளி விட்டு எடுத்த தனிப்படங்களைத் தொடுத்ததால்தான். சக்கரத்தின் ஓசையும் படக்குழு சேர்த்ததே. இவ்விரு ஊர்திகளிலும் ஒலிவாங்கி இல்லை.

"என் பேட்டரி குறைகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது" என்று ஆப்பி கடைசியாகச் சொன்னதாகப் பலர் பகிர்வதுண்டு. என் மாணவர்களும் அதைக் கேட்டிருந்தார்கள். ஊர்தி சொற்களால் பேசவில்லை. அது அனுப்பியவை எண்கள், அவற்றுக்கு உரை எழுதியவர்கள் மனிதர்கள். 2018 ஜூன் 10 அன்று, தூசிப்புயலின் நடுவே வந்த அளவுகளின்படி, அதற்குக் கிடைத்த மின்சாரம் 22 வாட்-மணி, வானத்தின் மங்கல், அதாவது தூசு வெயிலை எவ்வளவு மறைக்கிறது என்பதன் அளவு, 10.8. தரையிறங்கிய நாள்களில் அதன் சூரிய மின்தகடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 வாட்-மணி தந்தன என்பதைக் கரும்பலகையில் பக்கத்தில் எழுதியதும் வகுப்பு அமைதியாயிற்று.

அதே நாளில் வந்து சேர்ந்த கடைசிப் படத்தையும் காட்டினேன். வானம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளப்பதற்காகப் பான்கேம் எடுத்தது அது. இருண்ட வானம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். அவை விண்மீன்களல்ல, போதிய ஒளியில்லாதபோது கேமராவில் தோன்றும் பொய்ப்புள்ளிகள். படத்தின் அடிப்பகுதி ஒரே கறுப்பு.

"கீழ ஏன் டீச்சர் கறுப்பா இருக்கு?" என்று அதே மாணவி கேட்டாள். முழுப்படமும் வந்து சேர்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது என்றேன். இதை யார் எடுத்தது என்று அவள் கேட்கவில்லை.